மூளையின் அழுத்தம் இறங்கினால் போதுமா? நரம்பியல் அறுவைசிகிச்சையில் சான்று பேசும் விதம்

விபத்தில் தலையில் பலத்த அடிபட்டு ஐ.சி.யூ.வில் நினைவின்றிக் கிடப்பவரின் உறவினர்களிடம், பெரும்பாலும் நள்ளிரவில், ஒரு ஒப்புதல் படிவம் நீட்டப்படுகிறது. மூளை வீங்கிக்கொண்டே போகிறது, மருந்துக்கு அடங்கவில்லை, மண்டை ஓட்டின் ஒரு பகுதியை வெட்டி எடுத்தால்தான் வீக்கத்துக்கு இடம் கிடைக்கும், எடுத்த எலும்பை வயிற்றுத் தோலுக்கடியில் வைத்துத் தைத்துவிட்டுச் சில மாதங்கள் கழித்துத் திரும்பப் பொருத்தலாம் என்று மருத்துவர் விளக்குகிறார். உறவினர்கள் கேட்பது ஒரே கேள்விதான்: “செய்தால் பிழைப்பாரா, டாக்டர்?”

இந்தக் கேள்விக்கு இன்று எண்களோடு விடை சொல்ல முடியும். ஆனால் தேடிப் படிப்பவருக்குக் கிடைப்பவை முரண்பட்ட இரண்டு விடைகள். இந்த அறுவைசிகிச்சை பெற்றவர்களின் நிலை பெறாதவர்களைவிட மோசமாக முடிந்தது என்கிறது 2011-இல் வெளியான ஆய்வு. இறப்பை ஏறக்குறையப் பாதியாகக் குறைத்தது என்கிறது 2016-இல் வெளியான ஆய்வு. இரண்டும் ஒரே மருத்துவ இதழில் வந்தவை, இரண்டும் முறைப்படி நடத்தப்பட்டவை. இவற்றில் ஒன்று பொய் என்று தள்ளிவிடுவதற்கு முன்னால், மூளைக்குள் அழுத்தம் என்பது என்ன, ஒரு சிகிச்சை பலன் தருகிறது என்று எப்படி அறிகிறோம், பலன் என்று எதை எண்ணுகிறோம் ஆகிய மூன்றையும் வரிசையாகப் பார்க்க வேண்டும்.

மூடிய பெட்டிக்குள் மூன்று பொருள்கள்

வளர்ந்தவரின் மண்டை ஓடு விரியாத பெட்டி. அதற்குள் மூளைத் திசு, இரத்தம், மூளைத் தண்டுவடத் திரவம் ஆகிய மூன்றும் இருக்கின்றன. கொள்ளளவில் சுமார் 80 விழுக்காடு மூளை, மீதி மற்ற இரண்டும். பெட்டி விரியாது என்பதால் ஒன்று கூடினால் மற்றொன்று குறைந்தே ஆக வேண்டும். 1783-இல் அலெக்சாண்டர் மன்ரோவும் 1824-இல் ஜார்ஜ் கெல்லியும் ஸ்காட்லாந்தில் முன்வைத்த இந்த எளிய கருத்துதான் தலைக்காய சிகிச்சை அனைத்துக்கும் இன்றுவரை அடித்தளம்.

அடிபட்ட மூளை வீங்கும்போது முதலில் திரவம் தண்டுவடப் பக்கம் இறங்கி இடம் விடுகிறது. சிரை இரத்தமும் வெளியேறுகிறது. இந்தக் கையிருப்பு தீரும்வரை அழுத்தம் பெரிதாக ஏறுவதில்லை. தீர்ந்த பிறகு, இரண்டு ஸ்பூன் அளவு வீக்கம் கூடினாலும் அழுத்தம் செங்குத்தாக ஏறுகிறது. மாலையில் பேசிக்கொண்டிருந்தவர் இரவில் திடீரென நினைவிழப்பதன் காரணம் இதுவே.

இயல்பான உள் அழுத்தம் 15 மி.மீ. பாதரச அளவுக்குள் இருக்கும். 20, 22 என்ற அளவைத் தாண்டி நீடித்தால் மருத்துவர்கள் சிகிச்சையில் இறங்குகிறார்கள். மூளைக்கு இரத்தம் போய்ச் சேரும் விசை என்பது சராசரி இரத்த அழுத்தத்திலிருந்து இந்த உள் அழுத்தத்தைக் கழித்தால் கிடைப்பது. சராசரி இரத்த அழுத்தம் 90, உள் அழுத்தம் 12 என்றால் மிச்சம் 78. உள் அழுத்தம் 40-க்கு ஏறினால் மிச்சம் 50 மட்டுமே. 60-க்குக் கீழே போனால் மூளை இரத்தத்துக்கு ஏங்கத் தொடங்குகிறது.

ஆக, அழுத்தத்தை இறக்கினால் நோயாளிக்கு நல்லது என்ற முடிவு தானாக வந்து விழுவதுபோல் தோன்றுகிறது. இந்தத் துறையின் பெரிய சறுக்கல்கள் இப்படித் தானாக வந்து விழுந்த முடிவுகளில்தான் நேர்ந்தன.

பத்தாயிரம் பேர் இல்லாமல் தெரிந்திராத உண்மை

1960-களின் தொடக்கத்தில் மூளைக் கட்டி உள்ளவர்களுக்கு டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கொடுத்தபோது, கட்டியைச் சுற்றிய வீக்கம் ஓரிரு நாளில் வடிந்து, படுத்தவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். அது மெய்யான பலன்; இன்றும் அதற்காக அந்த மருந்து கொடுக்கப்படுகிறது. கட்டியால் வந்த வீக்கத்தை வடிக்கும் மருந்து அடியால் வந்த வீக்கத்தையும் வடிக்கும் என்று கருதுவது இயல்பே. எனவே தலைக்காயத்துக்கும் ஸ்டீராய்டு என்பது பல நாடுகளில் பல ஆண்டுகள் வழக்கமாக இருந்தது. சிறு சிறு ஆய்வுகள் நடந்தன; சில ஆதரவாகவும் சில எதிராகவும் வந்தன; எதுவும் தெளிவாகவில்லை.

கிராஷ் என்ற பன்னாட்டு ஆய்வு இதைத் தீர்த்தது. தலைக்காயத்தோடு வந்தவர்களில் ஒரு பாதிக்கு 48 மணி நேரம் மெத்தில்பிரெட்னிசோலோன், மறுபாதிக்கு மருந்தில்லாத போலி ஊசி. யாருக்கு எது என்பதைத் தீர்மானித்தது குலுக்கல். நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. 20,000 பேரைச் சேர்க்கத் திட்டமிட்டிருந்தார்கள். 10,008 பேர் சேர்ந்த நிலையில் ஆய்வு நிறுத்தப்பட்டது. ஏனென்றால் இரண்டு வாரத்துக்குள் இறந்தவர்கள் ஸ்டீராய்டு பெற்றவர்களில் 1,052 பேர், போலி ஊசி பெற்றவர்களில் 893 பேர், விழுக்காட்டில் 21.1, 17.9. முடிவுகள் 2004-இல் வெளியாயின.

வேறுபாடு நூற்றுக்கு மூன்று பேருக்குச் சற்று மேல், அதாவது ஸ்டீராய்டு கொடுக்கப்பட்ட சுமார் 31 பேருக்கு ஒருவர் கூடுதலாக இறந்தார். ஆண்டுக்கு நூறு தலைக்காயங்களைப் பார்க்கும் அனுபவசாலி மருத்துவர் ஒருவர், அவர்களில் 18 பேர் இறந்த ஆண்டையும் 21 பேர் இறந்த ஆண்டையும் வேறுபடுத்திப் பார்க்க வழியில்லை. மழைக்கால விபத்துகள் கூடினாலே எண்ணிக்கை அந்த அளவுக்கு ஆடும். எத்தனை கூர்மையான கண்ணாக இருந்தாலும், முப்பது ஆண்டு அனுபவமாக இருந்தாலும், இந்தத் தீங்கு தனி மனிதர் ஒருவருக்குத் தென்பட்டிருக்காது. “என் அனுபவத்தில் நன்றாகவே வேலை செய்கிறது” என்று ஒரு மருத்துவர் சொல்வது பொய்யல்ல. ஆனால் இவ்வகைக் கேள்விக்கு அது சான்றும் அல்ல.

சான்று என்ற சொல்லின் பொருள்

சான்று சார்ந்த மருத்துவம் என்பது, ஒரு சிகிச்சை ஏன் வேலை செய்ய வேண்டும் என்ற காரணத்தோடு நின்றுவிடாமல், அது பெற்றவர்களும் பெறாதவர்களும் கடைசியில் எப்படி ஆனார்கள் என்ற ஒப்பீட்டைக் கேட்பது. அந்த ஒப்பீடு நியாயமாக அமைய மூன்று ஏற்பாடுகள் தேவை.

1. சமவாய்ப்புப் பங்கீடு. யாருக்கு அறுவைசிகிச்சை என்பதை மருத்துவர் தேர்ந்தெடுத்தால், தேறக்கூடியவர் என்று தோன்றுபவரையே தேர்ந்தெடுப்பார். பிறகு அவர்கள் தேறினால், தேற்றியது கத்தியா, தேர்வா என்று சொல்ல முடியாது. குலுக்கல் அந்தத் தேர்வை மனிதரிடமிருந்து பறித்துவிடுகிறது.

2. மறைப்பு. யாருக்கு என்ன சிகிச்சை என்பது தெரிந்தால் மதிப்பிடுபவரின் கண்ணும் சாயும். மருந்துக்கு போலி மாத்திரை உண்டு. மண்டையைத் திறப்பதற்குப் போலி ஏது? பார்க்கின்சன் நோய்க்கான திசுமாற்று ஆய்வு ஒன்றில், ஒப்பீட்டுக் குழுவினருக்கும் மண்டையில் துளை மட்டும் போட்டு மூடினார்கள். அது சரிதானா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. அதனால் பெரும்பாலான அறுவைசிகிச்சை ஆய்வுகளில், ஆறு மாதம் கழித்து நோயாளியின் நிலையைக் கேட்டுப் பதிவு செய்பவருக்காவது குழு விவரம் தெரியாதபடி பார்த்துக்கொள்கிறார்கள்.

3. முன்கூட்டியே அறிவித்த விளைவு. எதை அளக்கப்போகிறோம் என்பதை ஆய்வு தொடங்கும் முன்பே எழுதிவைக்க வேண்டும். இல்லாவிட்டால் எய்த அம்பு விழுந்த இடத்தைச் சுற்றி வட்டம் வரைந்த கதையாகிவிடும்.

மூன்றாவது அம்சத்தில் நரம்பியலுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. இதயத்திலோ சிறுநீரகத்திலோ உயிரோடு இருக்கிறாரா என்பது பெரும்பாலும் போதுமான கேள்வி, மூளையில் போதாது. 1975-இல் கிளாஸ்கோவில் பிரையன் ஜென்னெட்டும் மைக்கேல் பாண்டும் வகுத்த விளைவு அளவுகோல் இதற்காகவே வந்தது. அதன் விரிவான வடிவத்தில் எட்டுப் படிகள் உள்ளன: இறப்பு, விழித்திருந்தும் உணர்வற்ற தாவர நிலை, கடும் ஊனத்தில் கீழ்ப்படி, மேல்படி, மிதமான ஊனத்தில் இரு படிகள், நல்ல மீட்சியில் இரு படிகள். இந்த எட்டில் எங்கே கோடு கிழித்து, இதற்கு மேல் நல்ல விளைவு, கீழே கெட்ட விளைவு என்று பிரிக்கிறோம் என்பதைப் பொறுத்து ஒரே எண்கள் இரண்டு கதை சொல்லும்.

குழாய் திறந்திருந்தது, பக்கவாதம் நிற்கவில்லை

மண்டை திறப்புக்குப் போகும் முன் இன்னொரு வழக்கைச் சுருக்கமாகப் பார்ப்பது பயன்தரும். கழுத்து வழியாக மூளைக்குப் போகும் கரோட்டிட் தமனி அடைபட்டால், மண்டைக்கு வெளியே ஓடும் தமனி ஒன்றை மண்டைக்குள் இருக்கும் சிறு தமனியோடு நுண்ணோக்கியின் கீழ் இணைத்து, இரத்தத்துக்கு மாற்றுப்பாதை அமைக்கும் அறுவைசிகிச்சையை 1967-இல் சூரிச்சில் காஸி யாசர்கில் செய்துகாட்டினார். ஒன்றரை மில்லிமீட்டர் கூட இல்லாத குழாயைத் தலைமயிரைவிட மெல்லிய நூலால் தைக்கும் கலை அது. அடைத்த குழாய்க்கு மாற்றுக் குழாய் என்ற தர்க்கத்தில் குறை காண்பது கடினம், உலகெங்கும் பரவியது.

கனடாவின் ஹென்றி பார்னெட் தலைமையில் 1,377 நோயாளிகளிடம் நடந்த சமவாய்ப்பு ஆய்வு 1985-இல் வெளியானது. தைத்த குழாய்களில் 96 விழுக்காடு திறந்தே இருந்தன. தொழில்நுட்பத்தில் இதைவிட நல்ல மதிப்பெண் கிடைக்காது. ஆனால் பக்கவாதம் குறையவில்லை. ‘ஆபரேஷன் சக்சஸ், பேஷண்ட் அவுட்’ என்று நம்மூரில் கேலியாகச் சொல்வதன் மெய்யான வடிவம் இதுதான்: குழாயைப் படம்பிடித்துப் பார்த்த மருத்துவர் வெற்றி என்று நம்ப முழு நியாயம் இருந்தது.

எதிர்ப்பு கிளம்பியது. தகுதியுள்ள பலர் ஆய்வுக்கு வெளியே அறுவைசிகிச்சை பெற்றுவிட்டார்கள், இரத்த ஓட்டம் உண்மையிலேயே குறைந்தவர்களைப் பிரித்தெடுக்கவில்லை என்பவை நியாயமான குறைகள். அந்தக் குறையைச் சரிசெய்து, பெட் ஸ்கேன் மூலம் ஓட்டம் குறைந்தவர்களை மட்டும் தேர்ந்தெடுத்து நடந்த காஸ் என்ற ஆய்வு 2011-இல் வந்தது. இரண்டு ஆண்டு முடிவில் அறுவைசிகிச்சைக் குழுவில் 21.0 விழுக்காட்டினருக்கும், மருந்து மட்டும் பெற்றவர்களில் 22.7 விழுக்காட்டினருக்கும் பக்கவாதம். அறுவைசிகிச்சையை ஒட்டிய முதல் 30 நாளில் மட்டும் 14.4-க்கு எதிராக 2.0. நீண்டகாலத்தில் மாற்றுப்பாதை ஏதோ நன்மை செய்கிறது, ஆனால் அதை அமைப்பதற்குக் கொடுக்கும் விலை அந்த நன்மையை விழுங்கிவிடுகிறது என்பதே இந்த எண்களின் பொருள். மூளைத் தமனிகள் மெல்ல மெல்லச் சுருங்கி அடைபடும் மோயாமோயா போன்ற தனி நோய்களில் அதே தையல் இன்றும் செய்யப்படுகிறது. ஆய்வு ஒரு கேள்விக்குத்தான் விடை சொல்லும். பக்கத்துக் கேள்விக்குச் சொல்லாது.

முரண்படும் இரண்டு ஆய்வுகள்

இப்போது தொடங்கிய இடத்துக்கு வரலாம். மண்டை ஓட்டின் பெரும்பகுதியை அகற்றி, மூளையுறையைத் திறந்துவிட்டால் உள் அழுத்தம் இறங்கும் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. டெக்ரா என்ற 2011-ஆம் ஆண்டு ஆய்வு ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, சவூதி அரேபியா மருத்துவமனைகளில் நடந்தது. 3,478 பேரைப் பரிசீலித்துச் சேர்த்துக்கொண்டது 155 பேரை. அறுவைசிகிச்சை பெற்றவர்களுக்கு அழுத்தம் இறங்கியது, ஐ.சி.யூ. நாட்கள் 18-இலிருந்து 13 ஆகக் குறைந்தன. இறப்பு ஏறக்குறைய சமம், 19 விழுக்காடும் 18 விழுக்காடும். ஆனால் ஆறு மாதத்தில் கெட்ட விளைவில் இருந்தவர்கள் அறுவைசிகிச்சைக் குழுவில் 70 விழுக்காடு, மற்றக் குழுவில் 51.

இந்த எண்களோடு சேர்த்துப் படிக்க வேண்டிய விவரங்கள் இரண்டு. முதலாவது, கண்பாவை ஒளிக்கு அசையாத நிலையில் வந்தவர்கள், அதாவது தொடக்கத்திலேயே மூளை கடுமையாக நசுங்கியவர்கள், அறுவைசிகிச்சைக் குழுவில் 27 விழுக்காடு, மற்றக் குழுவில் 12. குலுக்கலிலும் சிறு எண்ணிக்கையில் இப்படி நேரும். அதைக் கணக்கில் கொண்டால் இரு குழுக்களுக்கிடையிலான வேறுபாடு உறுதியற்றதாகிவிடுகிறது. இரண்டாவது, அழுத்தம் ஒரு மணி நேரத்தில் 15 நிமிடம் 20-ஐத் தாண்டியதுமே நோயாளி சேர்க்கப்பட்டார். நடைமுறையில் அந்த நிலையில் பெரும்பாலான மருத்துவர்கள் கத்தியை எடுப்பதில்லை. மருந்தை மாற்றிப் பார்க்கிறார்கள். எனவே டெக்ரா கேட்ட கேள்வி: மிதமாக ஏறிய அழுத்தத்துக்கு முன்கூட்டியே மண்டையைத் திறக்கலாமா? அதற்கு விடை: அதனால் நன்மை இல்லை.

கேம்பிரிட்ஜின் பீட்டர் ஹட்சின்சன் தலைமையில் 2004 முதல் 2014 வரை நடந்து 2016-இல் வெளியான ரெஸ்கியூ ஐசிபி கேட்டது வேறு கேள்வி. அங்கே எல்லா மருந்தையும் தாண்டி அழுத்தம் 25-க்கு மேல் குறைந்தது ஒரு மணி நேரமாவது நின்ற 408 பேர் சேர்க்கப்பட்டார்கள். மருந்துக் குழுவினரில் 48.9 விழுக்காட்டினர் ஆறு மாதத்துக்குள் இறந்தனர்; அறுவைசிகிச்சைக் குழுவில் 26.9. நிலைமை கைமீறும்போது மருந்துக் குழுவினருக்கும் மண்டையைத் திறக்க அனுமதி இருந்தது, 37.2 விழுக்காட்டினருக்குத் திறக்கவும்பட்டது. அப்படியிருந்தும் இத்தனை வேறுபாடு. கேள்விகள் வேறு என்பதால் விடைகள் மோதவில்லை: ஒன்று முன்கூட்டிய அறுவை, மற்றொன்று கடைசிப் புகலிடம்.

இங்கேயே நின்றால் “பிழைப்பாரா” என்ற கேள்விக்கு நல்ல விடை கிடைத்துவிட்டது. ஆனால் பிழைத்தவர்கள் எந்தப் படியில் நின்றார்கள் என்பதையும் ஆய்வு எண்ணியது. மருந்துக்குப் பதில் அறுவைசிகிச்சை பெற்ற ஒவ்வொரு நூறு பேரிலும் கூடுதலாக 22 பேர் உயிரோடு இருந்தார்கள். அந்த 22 பேரில் ஏறக்குறைய 6 பேர் தாவர நிலையில். 8 பேர் எல்லாவற்றுக்கும் பிறரை எதிர்பார்க்கும் கடும் ஊனத்தில். 8 பேர் வீட்டுக்குள்ளாவது தம் வேலையைத் தாமே பார்த்துக்கொள்ளும் நிலையிலோ அதற்கு மேலோ. முழுமையாக மீண்டவர்களின் விழுக்காடு அறுவைசிகிச்சைக் குழுவில் கூடவில்லை. கத்தி காத்தது உயிரை. முதல் நாள் அடியிலேயே சிதைந்துபோன மூளைத் திசுவைக் கத்தியால் மீட்க முடியாது.

ஓராண்டுக் கணக்கில் படம் சற்று மாறுகிறது. வீட்டுக்குள் தன்னிச்சையாக இயங்குவோரும் அதற்கு மேற்பட்டோரும் அறுவைசிகிச்சைக் குழுவில் 45.4 விழுக்காடு, மருந்துக் குழுவில் 32.4. தலைக்காயத்தில் ஆறு மாதத்தில் தீர்ப்பு எழுதுவது அவசரம் என்பதையும் இது காட்டுகிறது.

கோட்டை எங்கே கிழிப்பது என்ற சிக்கல் இங்கே முழுதாக வெளிப்படுகிறது. கடும் ஊனத்தின் மேல்படியை டெக்ரா கெட்ட விளைவில் வைத்தது. ரெஸ்கியூ ஐசிபி, தொடங்கும் முன்பே அறிவித்து, நல்ல விளைவில் வைத்தது. இதில் எது சரி என்பதைப் புள்ளியியல் சொல்லாது. சொல்லக்கூடியவர் அந்த வாழ்க்கையை வாழப்போகிறவரும் அவரைப் பார்த்துக்கொள்ளப்போகிறவருமே.

ரப்பர் குழாயின் வெற்றி

சான்று தேடுவது அறுவைசிகிச்சைகளைக் கழித்துக்கட்டுவதற்கான வேலை என்று நினைக்க வேண்டாம். முதியவர்கள் குளியலறையில் வழுக்கியோ நிலைப்படியில் இடித்துக்கொண்டோ சில வாரங்கள் கழித்து நடை தடுமாறி, பேச்சுக் குழறி வருவார்கள். மூளையுறைக்கடியில் கசிந்து தேங்கிய இரத்தம் பழைய எஞ்சின் ஆயில்போலக் கறுத்து நீர்த்துக் கிடக்கும். மண்டையில் துளையிட்டுக் கழுவிவிட்டால் பலர் அன்றே தெளிவார்கள். ஆனால் சிலருக்குத் திரும்பவும் தேங்கும். கழுவிய பிறகு இரண்டு நாள் ஒரு வடிகுழாயை விட்டுவைக்கலாமா, தொற்று வந்துவிடுமா என்று மருத்துவர்கள் இருதரப்பாக இருந்தார்கள். கேம்பிரிட்ஜில் 215 பேரிடம் நடந்த ஆய்வு 2009-இல் வெளியானது: குழாய் வைத்தவர்களில் மறுபடி தேங்கியது 9.3 விழுக்காடு, வைக்காதவர்களில் 24. ஆறு மாத இறப்பும் 18.1-இலிருந்து 8.6 ஆகக் குறைந்தது. வேறுபாடு தெளிவாகிவிட்டதால் ஆய்வையே முன்னதாக நிறுத்தினார்கள்.

இதே நோய்க்கு டெக்ஸாமெத்தசோன் மாத்திரை சேர்த்தால் இன்னும் நன்றாகும் என்ற நம்பிக்கையும் இருந்தது. 748 பேரிடம் சோதித்து 2020-இல் வந்த முடிவு: நல்ல நிலையில் இருந்தவர்கள் மாத்திரை பெற்றவர்களில் 83.9 விழுக்காடு, போலி மாத்திரை பெற்றவர்களில் 90.3. மறுபடி அறுவை தேவைப்பட்டவர்கள் மாத்திரைக் குழுவில் குறைந்தார்கள், ஆனால் மற்ற பக்கவிளைவுகள் அந்த லாபத்தைத் தின்றுவிட்டன. ஸ்கேனில் பார்த்தால் மருந்து ஜெயித்திருக்கும்.

எல்லாவற்றுக்கும் குலுக்கல் தேவையுமில்லை. எலும்பு முறிந்து தமனி கிழிந்து உறைக்கு வெளியே இரத்தம் வேகமாகத் திரளும்போது, அதை உடனே எடுத்தால் சில மணி நேரத்தில் நோயாளி கண்விழிக்கிறார், விட்டால் இறக்கிறார். அங்கே குலுக்கிப் பார்ப்பது அறமாகாது. வேறுபாடு நூற்றுக்கு மூன்றாக இருக்கும்போதுதான் பத்தாயிரம் பேர் வேண்டும். நூற்றுக்கு எண்பதாக இருந்தால் கண்ணே போதும்.

ஒப்புதல் படிவத்தின் முன்

மண்டை திறப்புக்கு ஒப்புதல் கேட்கப்படும் குடும்பத்துக்கு இந்த ஆய்வுகளிலிருந்து எடுத்துக்கொள்ளத்தக்க கேள்விகள் சில உண்டு.

1. அழுத்தம் எவ்வளவு, எத்தனை மணி நேரமாக, என்னென்ன மருந்தைத் தாண்டி நிற்கிறது? டெக்ராவின் நோயாளியா, ரெஸ்கியூ ஐசிபியின் நோயாளியா என்பது இதில் தெரியும்.

2. கண்பாவைகள் ஒளிக்கு அசைகின்றனவா, வயது என்ன, சேர்க்கும்போது நினைவுநிலை எப்படி இருந்தது? நூறு பேருக்கான எண்ணை ஒருவருக்குப் பொருத்துவது இவற்றைக் கொண்டுதான்.

3. பிழைத்தால் எந்தப் படியில் பிழைக்க வாய்ப்பு அதிகம்?

மூன்றாவது கேள்விக்கு மருத்துவர் கடும் ஊனம், மேல்படி, கீழ்ப்படி என்று விடை சொன்னால், அந்தச் சொற்களுக்கு அளவுகோலிலேயே வீட்டு மொழியில் விளக்கம் உண்டு. இரு படிகளையும் பிரிப்பது, நோயாளியை வீட்டில் எட்டு மணி நேரம் தனியாக விட்டுவிட்டுப் போக முடியுமா என்ற ஒரே கேள்வி. முடியும் என்றால் வீட்டில் இன்னொருவர் வேலைக்குப் போகலாம். முடியாது என்றால் யாரோ ஒருவர் போக முடியாது.